புரொசசரும் மதர்போட்டும்: ஒரு சொக்கட்டின் வரலாறு

கணினி விளையாட்டுக்களில் ஈடுபாடு கொண்ட இளைஞர்கள் தமது பழைய கணினியைத் தரமுயர்த்த முற்படும்போது முதலிற் கேட்கும் கேள்வி, எந்தப் புரொசசர் வேகமானது என்பதாகும். மதர்போட்டைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே எழுகிறது. புரொசசரைத் தெரிவு செய்தாயிற்று, இனி அதற்குப் பொருந்தக்கூடிய மலிவான ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். கடந்த நான்கு தசாப்த காலக் கணினி வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் எவரும் இந்த வரிசை தலைகீழானது என்பதை உணர்ந்துகொள்வர். புரொசசர் இன்றைய வேகத்தைத் தருகிறது. மதர்போட்டில் அமைந்துள்ள சொக்கட்டோ, நாளை நாம் எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சிறிய சதுரப் பொருத்தியை எவர் கட்டுப்படுத்துகிறார் என்பதே இக்கதையின் சாரம்.

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை வெளியிட்டபோது, அதனுள் 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கும் இன்டெல் 8088 புரொசசர் இருந்தது. ஓர் உதிரிப்பாகத்திற்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதை ஐ.பி.எம். விரும்பவில்லை. எனவே அதே வடிவமைப்பை இன்னொருவரும் தயாரிக்க வேண்டியதாயிற்று. 1982இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் செய்துகொண்ட தொழில்நுட்பப் பரிமாற்ற உடன்பாடு இவ்வாறு பிறந்ததே. இருவரது சில்லும் ஒன்றே. ஆதலால் ஒருவரது சில்லைக் கழற்றிவிட்டு மற்றவரது சில்லை அதே இடத்திற் பொருத்த முடிந்தது.

இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1985இல் 386 புரொசசரை அறிமுகஞ் செய்த இன்டெல், அதன் வடிவமைப்பைப் பங்குபோட மறுத்தது. விவகாரம் நடுத்தீர்ப்புக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றது. ஏ.எம்.டி. தனது சொந்த 386ஐ 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வழக்குகள் யாவும் 1995இன் ஆரம்பத்திற்றான் சமரசத்தில் முடிவுற்றன. சில்லின் உட்புற வடிவமைப்புக்கான இச்சண்டை ஓய்ந்ததும், அடுத்த சண்டை சில்லைப் பொருத்தும் குழிக்காகத் தொடங்கியது.

அதற்கு முன்னர் வாங்குவோருக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. 1990களின் நடுப்பகுதியில் வந்த சொக்கட் 7 என்னும் 321 ஊசிப் பொருத்தியில் இன்டெலின் பென்டியமும் ஏ.எம்.டி.யின் கே5, கே6 ஆகியனவும் சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 புரொசசரும் ஐ.டி.டி.யின் வின்சிப்பும் இடம்பெறக்கூடியதாக இருந்தன. ஒரே மதர்போட், நான்கு உற்பத்தியாளர்கள். போட்டில் உள்ள ஜம்பர்களை மாற்றி மின்னழுத்தத்தையும் பெருக்கத்தையும் சரிசெய்தாற் போதும். வாங்குபவர் தமது பணப்பைக்கேற்ப விரும்பிய சில்லைத் தெரிவு செய்தார்.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குள்ளும் ஒரு பொறி இருந்தது. அதை வெளிக்கொணர்ந்தது ஒரு விளையாட்டு என்பது குறிப்பிடத்தக்கது. சைரிக்ஸின் பி166+ என்ற புரொசசர் உண்மையில் 133 மெகாஹேட்ஸ் வேகத்திலேயே இயங்கியது. எழுத்து வேலை, கணக்கு வேலை போன்ற அலுவலகப் பணிகளில் அது 166 மெகாஹேட்ஸ் பென்டியத்துக்கு ஈடுகொடுத்தமையால் அப்பெயர் சூட்டப்பட்டது. 1996 ஜூன் மாதம் குவேக் வெளிவந்தது. முப்பரிமாணக் காட்சியை வரைவதற்குத் தசமக் கணக்கீடுகளை அது பெருமளவில் நம்பியிருந்தது. பென்டியத்தின் தசமக் கணக்கீட்டுப் பகுதி ஒரு வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே மற்றப் பகுதி வேறு வேலையைத் தொடரக்கூடியது. அந்த இயல்புக்கேற்பவே குவேக்கின் நிரல் செதுக்கப்பட்டிருந்தது. சைரிக்ஸ் அங்கே தள்ளாடியது. பெட்டியில் எழுதப்பட்ட எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள், அந்த எண் எந்த வேலைக்கு உரியது என்று கேட்கத் தவறியிருந்தார்கள். 1997இல் சைரிக்ஸ் நஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்திற்கும், 1999இல் அங்கிருந்து வியா நிறுவனத்திற்கும் கைமாறியது. ஒரு விளையாட்டினால் மாத்திரம் அந்நிறுவனம் வீழ்ந்தது என்று கூற முடியாது. எனினும் கணினி வாங்குவோரின் மதிப்பீட்டை விளையாட்டு மாற்றியமைத்தது என்பதில் ஐயமில்லை.

பொற்காலத்தின் முடிவு 1997 மே மாதம் வந்தது. பென்டியம் 2 ஒரு கறுப்புப் பெட்டகத்துள் அடைக்கப்பட்டு, ஸ்லொட் 1 என்னும் நீண்ட பிளவிற் செருகப்படும் வடிவில் அறிமுகமானது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. இரண்டாம் நிலைக் கேச் நினைவகத்தைச் சில்லுக்கு அருகில், அதே அட்டையில் வைப்பதற்கு அது வசதியான வழி. ஆயினும் வணிக விளைவு அதைவிடப் பெரியது. அந்தப் பிளவிற் பயன்பட்ட இணைப்புப் பாதைக்கான உரிமம் ஏ.எம்.டி.க்குக் கிடைக்கவில்லை. ஒரே குழியில் எல்லோரும் இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

ஏ.எம்.டி. பழைய குழியைக் கைவிடவில்லை. 100 மெகாஹேட்ஸ் பஸ் வேகத்தையும் ஏ.ஜி.பி. வசதியையும் சேர்த்து சுப்பர் சொக்கட் 7 என அதற்கு ஆயுளை நீடித்து, 1998இல் கே6-2ஐ வெளியிட்டது. 1999இல் வந்த அத்லொன் ஸ்லொட் ஏ என்ற பிளவைப் பயன்படுத்தியது. பார்வைக்கு அது ஸ்லொட் 1 போலவே இருக்கும். அதே பொருத்தியைத் திசை மாற்றி வைத்தது தான். ஆனால் மின்னியல் ரீதியில் இரண்டுக்கும் தொடர்பில்லை. அதன் இணைப்புப் பாதை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் அல்பா புரொசசரிலிருந்து உரிமம் பெறப்பட்டது. அன்று தொடக்கம் புரொசசரைத் தெரிவு செய்வது என்பது மதர்போட் உலகம் ஒன்றையும் சேர்த்துத் தெரிவு செய்வதாகிவிட்டது.

மதர்போட்டின் அருமையை உலகம் உணர்ந்த தருணமும் அதே காலத்தில்தான் நேர்ந்தது. 1998 ஓகஸ்டில் வெளிவந்த செலரொன் 300ஏ என்ற மலிவு விலைப் புரொசசர், 66 மெகாஹேட்ஸ் பஸ் வேகத்தை நான்கரை மடங்கு பெருக்கி 300 மெகாஹேட்ஸில் ஓடியது. அப்பெருக்கத்தை மாற்ற முடியாதவாறு இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் பஸ் வேகம் மதர்போட்டின் கையில் இருந்தது. இன்டெலின் சொந்த 440 பி.எக்ஸ். சிப்செட் 100 மெகாஹேட்ஸில் இயங்கக்கூடியது. தாய்வானின் ஏபிட் நிறுவனத்தின் பி.எச்.6 போன்ற மதர்போட்டுக்களில் அதனை பயோஸ் திரையிலேயே மாற்றலாம். மாற்றியதும் பல சில்லுகள் 450 மெகாஹேட்ஸில் இயங்கின. பன்மடங்கு விலை கொடுத்துப் பென்டியம் 2 வாங்கியவரின் வேகத்தை ஏழை மாணவன் ஒருவன் பெற்றான். புரொசசரிற் சேமித்ததை நல்ல மதர்போட்டில் இட்டவனே அந்த ஆண்டில் வென்றவன்.

அக்காலத்தில் பத்திரிகைக் காரியாலயங்களிற் பக்க வடிவமைப்புக்கென வாங்கப்பட்ட கணினிகள், பக்கங்கள் அச்சுக்குச் சென்ற பின்னர் இளைஞர்களின் விளையாட்டுக் களமாக மாறுவதை நான் கண்டிருக்கிறேன். எந்தக் கணினியில் விளையாட்டு தடையின்றி ஓடுகிறது என்பதை வைத்து, அடுத்த கொள்வனவில் எதை வாங்கவேண்டும் என்று அவர்கள் சொல்லும் ஆலோசனை விற்பனையாளரின் விலைப்பட்டியலைக் காட்டிலும் நம்பத்தகுந்ததாக இருந்தது.

சொக்கட்டின் ஆயுளைக் கவனியாது வாங்குவதன் விலை என்ன என்பதற்குப் பென்டியம் 4 சிறந்த உதாரணமாகும். 2000 நவம்பரில் சொக்கட் 423 உடன் அது வந்தது. ராம்பஸ் எனப்படும் விலையுயர்ந்த நினைவகமும் உடன் தேவைப்பட்டது. 2001 ஓகஸ்டிலேயே சொக்கட் 478 வந்துவிட்டது. 2002 ஜனவரியில் வெளியான மேம்பட்ட பென்டியம் 4 புதிய குழிக்கு மட்டுமே செய்யப்பட்டது. முதலாவதாக வாங்கியவரின் மதர்போட்டும் நினைவகமும் ஓராண்டு கழிந்ததும் முட்டுச்சந்தில் நின்றன. ஏ.எம்.டி.யும் இவ்விடயத்திற் புனிதமானதன்று. அத்லொன் 64 புரொசசருக்கு 2003இல் சொக்கட் 754, 2004இல் 939, 2006இல் ஏ.எம்.2 என மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று குழிகளை அது மாற்றியது.

ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாற் பொருந்திவிடும் என்றும் கொள்ளலாகாது. எல்.ஜி.ஏ. 775 என்ற பொருத்தி 2004இல் வந்தது. 2006 ஜூலையிற் புகழ்பெற்ற கோர் 2 டுவோ அதே பொருத்திக்கு வந்தபோது, முன்னைய பல மதர்போட்டுக்கள் அதை ஏற்கவில்லை. குழி ஒன்றே, மின்வழங்கும் சுற்றும் சிப்செட்டும் வேறு. 2017இல் இக்கதை மீண்டும் நடந்தது. எட்டாந் தலைமுறை இன்டெல் புரொசசர்களும் 1151 தொடுகைப் புள்ளிகளையே கொண்டிருந்தன. ஆனால் இரண்டு ஆண்டுகளே பழைமையான மதர்போட்டுக்கள் அவற்றை உத்தியோகபூர்வமாக ஏற்கவில்லை. மின்வழங்கல் தேவை மாறியது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஆர்வலர்கள் சிலர் பயோஸைத் திருத்திப் பழைய மதர்போட்டுக்களில் அவற்றை இயக்கிக் காட்டினர்.

இதற்கிடையில் மதர்போட்டின் சுயாதீனமும் சுருங்கிவந்தது. முன்னர் வியா, சிஸ், என்விடியா முதலிய நிறுவனங்கள் சிப்செட் தயாரித்தன. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஏ.எம்.டி. 2003இலும் இன்டெல் 2008இலும் புரொசசருக்குள்ளேயே இழுத்துக்கொண்டன. புதிய புரொசசர்களுக்குச் சிப்செட் செய்யும் உரிமை பற்றி என்விடியாவுக்கும் இன்டெலுக்கும் 2009இல் வழக்கு மூண்டது. 2011 ஜனவரியில் 150 கோடி டொலர் உரிமக் கட்டணத்துடன் சமரசம் ஏற்பட்டபோது என்விடியா அத்துறையிலிருந்து விலகியிருந்தது. இவ்வாறு புரொசசர் செய்பவரே மதர்போட்டின் எல்லையையும் வரைபவரானார்.

ஆயினும் வாங்குவோரின் குரலுக்கு வலிமை இல்லாமற் போய்விடவில்லை. 2017 மார்ச் மாதம் ரைசன் புரொசசர்களை ஏ.எம்.4 சொக்கட்டில் அறிமுகஞ் செய்த ஏ.எம்.டி., அதனை 2020 வரை பேணுவதாக வாக்களித்தது. 2020 மே மாத ஆரம்பத்தில், அடுத்த தலைமுறை பி450, எக்ஸ்470 மதர்போட்டுக்களில் இயங்காது என அறிவித்தது. பயோஸ் சேமிக்கப்படும் சில்லில் இடம் போதாது என்பது காரணம். வாக்கை நம்பி அவற்றை வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். இரண்டு வாரங்களுக்குள் முடிவு மாற்றப்பட்டது. 2022 ஏப்ரலில் விளையாட்டுக்கென்றே செய்தது போன்ற 5800எக்ஸ்3டி அதே குழிக்கு வந்தது. 2017இல் வாங்கிய பல மதர்போட்டுக்கள், பயோஸை மட்டும் புதுப்பித்து அதை ஏற்றுக்கொண்டன.

அந்த ஆண்டு இலங்கையருக்கு மறக்க முடியாததாகும். மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியது. கொழும்பு பம்பலப்பிட்டியிற் கணினிப் பாகம் வாங்குபவருக்கு ஒவ்வொரு பாகமும் டொலரில் விலையிடப்பட்ட பொருள்தான். அத்தகைய வேளையில் புரொசசரை மட்டும் மாற்றக்கூடியவருக்கும், மதர்போட், நினைவகம் அனைத்தையும் மாற்றியாக வேண்டியவருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகும். சொக்கட்டின் ஆயுள் செல்வந்த நாட்டில் வசதி. எம்மைப் போன்ற நாட்டில் அது பொருளாதாரம்.

இன்று தெரிவு செய்பவரும் இவ்வரலாற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சொக்கட் 2022 செப்டெம்பரில் வந்தது. 2027உம் அதற்கப்பாலும் அது தொடரும் என நிறுவனம் 2024இல் அறிவித்தது. இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 பொருத்தி 2021 நவம்பரில் வந்து, 2024 ஒக்டோபரில் எல்.ஜி.ஏ. 1851க்கு இடம் விட்டது. கடைக்குச் செல்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டாற் போதுமானது. இந்தக் குழிக்கு இன்னும் புதிய புரொசசர் வருமா? இந்த மதர்போட்டின் மின்வழங்கும் சுற்று, நான் பின்னர் வாங்க விரும்பும் பெரிய புரொசசரைத் தாங்குமா? அதன் உற்பத்தியாளர் பழைய மதர்போட்டுக்களுக்கு பயோஸ் புதுப்பிப்புக்களை வழங்கி வந்தவரா? விளையாட்டிற் காட்சியின் வேகத்தைப் பெரும்பாலும் கிரபிக்ஸ் அட்டையே தீர்மானிப்பதால், முதற் கொள்வனவில் நடுத்தரப் புரொசசரையும் உறுதியான மதர்போட்டையும் எடுத்து, மிகுதியை அந்த அட்டைக்கு ஒதுக்குவது பெரும்பாலானோருக்கு உகந்தது.

நிறுவனங்கள் தரும் வாக்குறுதி சட்டமன்று; 2020இல் நாம் கண்டவாறு அது ஓர் அறிவிப்பினால் மாறக்கூடியது. அந்த வாக்குறுதியை நினைவில் வைத்திருந்து கேள்வி கேட்கும் வாங்குவோர் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்புண்டு.