முற்றமும் திரையும்

திருகோணமலை–புல்மோட்டை வீதியில் நிலாவெளியைக் கடந்தால் இறக்கக்கண்டி. போரில் இடம்பெயர்ந்த ஊர்; 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் வந்தது. அங்குள்ள தம் தாயாருக்கு இணையவழி உளவளத்துணை பொருந்துமா என்று கனடாவிலிருந்து அன்பரொருவர் கேட்டிருந்தார்.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் மிகச் சிலரே. ஆகவே ஆசிரியரையும் கிராமப் பணியாளரையும் பயிற்றுவித்து, சமூகத்தின் ஊடாகவே உளநலப் பணியாற்ற வேண்டும் என்றார் பேராசிரியர் தயா சோமசுந்தரம். முற்றத்தில் அமர்ந்து துயரம் கேட்கும் முறை அது. ஆயினும் யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பதை ஊரே அறிந்துவிடும்!

2020இல் கொரோனாவால் பரவிய திரைவழிப் பேச்சில் அந்தக் கூச்சமில்லை. ஆனால் கதவடைக்க அறையில்லாத வீட்டில் கைப்பேசியும் முற்றந்தான். உயிரை மாய்க்கும் எண்ணம் தென்பட்டால் திரையை நம்பியிராமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் உண்டு.

அன்பரே, துணையாளரின் தகுதியை விசாரியுங்கள். அவருக்குத் தமிழ் தெரியுமா என்பதையும். அதற்கு முன் அம்மாவைக் கேளுங்கள்.