நடுகல்லும் துருக்கியர் கற்சிலையும்

இறந்தார்க்குக் கல் நிறுத்தி நினைவு போற்றும் வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மங்கோலியா முதல் கருங்கடலின் வடகரை வரை பரந்த புல்வெளியில் பண்டைத் துருக்கிய நாடோடியரும் கற்சிலைகளை நிறுத்தினர். இவ்விரு வழக்கையும் ஒப்புநோக்குதல், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நடுகல் தேடுவார்க்குப் பெரிதும் பயன்படும்.

துருக்கியர் கற்கள் இருதிறத்தன. ஒன்று, கையில் கிண்ணம் ஏந்திய மாந்தவுருவம். இஃது இறந்தானைக் குறிப்பது. மற்றொன்று, 'பல்பல்' எனப்படும் கல். இறந்தானால் வெல்லப்பட்ட பகைவனைக் குறிப்பது. கி.பி. 732-இல் பொறிக்கப்பெற்ற குல்தெகின் கல்வெட்டு, பகையரசன் ஒருவனைப் பல்பலாக நிறுத்திய செய்தியைக் கூறுகின்றது. 1253-இல் அந்நிலத்தைக் கடந்த உரூபுருக்கு வில்லியம் என்னும் துறவி, குமானியர் மண்மேடு எழுப்பிக் கிழக்கு நோக்கிய சிலையைக் கிண்ணத்துடன் நிறுத்தினர் என எழுதினார்.

தமிழ் வழக்கோ வேறு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அறுவகை நிலைகளைத் தொல்காப்பியம் கூறும். திருவில்லிபுத்தூர்க்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் 2006-இல் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட வீரனைக் குறிக்கின்றது. தொல்காப்பியத்துள் வரும் ஆகோள் என்னும் சொல்லே கல்லிலும் இடம்பெற்றமை கருதற்குரியது.

இரு வழக்கிற்கும் தொடர்பு உண்டெனக் கொள்ளற்குச் சான்றில்லை. கால்நடையே செல்வமாகக் கொண்ட வாழ்வு இரண்டிற்கும் பொது; ஒற்றுமைக்கு அதுவே காரணமாதல் கூடும். எனினும் வேற்றுமை தெளிவானது. துருக்கியர் சிலை தானே கிண்ணத்தை ஏந்தி நிற்கின்றது. தமிழர் நடுகல்லுக்கு வாழ்வோரே கள்ளும் பீலியும் படைத்தனர். அங்கு வென்ற பகைவரின் கல் இறந்தானின் பெருமையை எண்ணிக் காட்டுகின்றது; இங்கு வீழ்ந்தானின் பெயரும் அவன் பட்ட பூசலுமே பெருமையாயின.

இதனால் ஒன்று பெறப்படும். கல்லின் பொருள் கல்லில் மட்டும் இல்லை. அது நின்ற இடம், நோக்கிய திசை, சூழ்ந்த கற்கள், பெறும் வழிபாடு ஆகியவற்றிலும் உளது. மேட்டிலிருந்து பெயர்த்து அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட துருக்கியர் சிலைகள் பலவற்றில் கிண்ணம் எஞ்சியது, வரிசை அழிந்தது. எனவே நம் மலையடிவார ஊர்களில் கண்மாய்க் கரையிலும் தோட்டத்து வரப்பிலும் நிற்கும் கற்களைப் பெயர்த்தற்கு முன், இடமும் திசையும் ஊரார் வழங்கும் பெயரும் படையலும் முறையாகப் பதிவு செய்யப்படல் வேண்டும். சாலையும் வீட்டுமனையும் பெருகிவரும் இந்நாளில் இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.