நிலம் நடந்த கதை

நிலம் என்று சொல்லும்போதே நிலைத்து நிற்பது என்ற நினைப்பு நம் நெஞ்சில் எழுகிறது. அலை அசையும், காற்று அலையும். காலடி மண் மட்டும் கலங்காது என்று நம்பினோம். அது நடுங்கிய நாளில், ஆதிசேடன் தலை மாற்றினான் என்று கதை கட்டி அமைந்தோம். ஏன் நடுங்கிற்று என்ற கேள்வி அன்றே மாண்டது.

கேள்வியை மாளவிடாத ஒருவர் ஜெர்மனியிலே இருந்தார். ஆல்பிரட் வெக்னர் என்பது அவர் பெயர். வானிலை ஆராய்வது அவர் தொழில். கண்டங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒன்றாய்க் கிடந்தன, பின்னர் பிளந்து பெயர்ந்தன என்று 1912ல் அவர் அறிவித்தார்.

வெறுஞ்சொல் அன்று; சான்று தந்தார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும், உடைந்த ஓட்டின் இரு துண்டுகள்போல் பொருந்தின. மீசோசாரஸ் என்னும் சிற்றுயிரின் எலும்பு, கல்லாய்ச் சமைந்து, பிரேசிலிலும் கிடைத்தது, தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தது. ஆழமில்லா நீரில் வாழ்ந்த அதற்கு அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கும் ஆற்றல் ஏது? வெயில் காயும் ஒடிசாவின் தால்சேர்ப் பாறைகளிலே, பனியாறு இழுத்து வந்த கற்கள் காணப்பட்டன. அந்த மண் ஒரு காலத்தில் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்ததன்றோ!

அறிஞர் அவை எள்ளி நகையாடிற்று. கண்டத்தைத் தள்ளும் விசை எது என்று கேட்டனர். நேர்மையான கேள்விதான், அவர் தந்த விடையும் போதவில்லை. ஆனால் விசை விளங்கவில்லை என்பதற்காகச் சான்றையே குப்பையில் எறிவது முறையா? 1930ல் கிரீன்லாந்தின் பனிவெளியிலே வெக்னர் மாண்டார். வெற்றியைக் காணவில்லை.

விடை கடலடியில் கிடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்திலே பணியாற்றினார் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் அவருக்கு இடமில்லை. ஆடவர் அளந்து வந்த ஆழக் கணக்கை மேசையிலே வைத்து வரைந்தார். 1952ல், அட்லாண்டிக்கின் நடுமலைத்தொடர் முகட்டிலே நீண்ட பிளவு ஒன்றைக் கண்டார். "பெண்பிள்ளைப் பேச்சு" என்று தள்ளினார் உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன். நிலநடுக்கம் தோன்றிய இடங்களைக் குறித்துப் பார்த்தபோது, அவை அப்பிளவின் வழியே வரிசையாய் அமைந்தன. ஏளனம் அடங்கிற்று. 1963ல் வைனும் மேத்யூசும், பிளவின் இருமருங்கிலும் பாறையின் காந்தப் பதிவு ஒரே வரிசையில் அமைந்திருப்பதன் பொருளை விளக்கினர்: புதிய தரை பிளவிலே பிறந்து, இருபுறமும் விலகிச் செல்கிறது!

இன்று செயற்கைக்கோள் அளந்து சொல்கிறது: அட்லாண்டிக் ஆண்டுதோறும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகல்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகம் அது. அந்த மெல்லிய நடையாலேதான் இந்திய நிலம் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டி, இமயத்தை எழுப்பிற்று. எவரெஸ்டின் உச்சிப் பாறை, கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்.

இந்தச் சான்று நம்மையும் சோதிக்கிறது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினங்கள் இருந்ததன் காரணம் தேடிய பிலிப் ஸ்கிளேட்டர், இடையே ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்று 1864ல் ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அதையே குமரிக்கண்டம் எனக் கொண்டு நாம் பெருமை பேசினோம். நிலமே பிரிந்து நகர்ந்தது என்றான பின், அந்த ஊகத்துக்குத் தேவையில்லை. கடல் கரையூரைக் கொண்டதுண்டு. தமிழர் வாழ்ந்த கண்டத்தைக் கொண்டதற்குச் சான்று இல்லை. தமிழின் தொன்மையை நாட்டத் தமிழ் நூல்களும் கல்லெழுத்தும் உள்ளன. மூழ்கிய கண்டம் வேண்டியதில்லை.

ஆதிசேடனுக்கு ஒரு தராசு, நமக்கு இனிய கதைக்கு வேறொரு தராசு என்று வைத்துக்கொண்டு பகுத்தறிவு பேசலாமா, தோழர்களே? நிலமே நகர்கிறது. சான்று கண்ட இடத்துக்கு நாமும் நகர்வோம்!