குதிரைகளை வென்ற கால்வாய்

தெருவோரச் சாக்கடை என்றதுமே உங்கள் கை தானாக மூக்குக்குப் போகும், இல்லையா? ஆனால், தெருவோரம் ஓடும் தண்ணீரைக் குனிந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் ஓர் ஊரில்!

பெரு நாட்டில், குஸ்கோ நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ஒல்லாந்தாய்தம்போ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரம். 15-ம் நூற்றாண்டில் இன்கா பேரரசர் பச்சகுட்டி இந்த ஊரைத் தன் வசமாக்கி, புதிதாகக் கட்டினார். நூல் பிடித்தாற்போல நேரான, குறுகலான தெருக்கள். அவற்றில் கல் பதித்த கால்வாய்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. சரிவுதான் இன்ஜினீயர்! வீட்டு வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் அதுதான். மழை கொட்டினால் வெள்ளத்தை வடிப்பதும் அதுதான்.

தண்ணீரை இழுத்த இழுப்புக்கு வளைக்கத் தெரிந்த இந்த ஜனங்களிடம் வந்து மாட்டினார் எர்னாந்தோ பிசாரோ. 1537 ஜனவரி. குஸ்கோவை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத இன்கா மன்னர் மாங்கோ, இங்கே தங்கியிருந்தார். அவரை மடக்க ஸ்பானியப் படை வந்தது. அவர்களுடைய பெரிய பலமே குதிரைப் படைதான். மேலிருந்து கல்லும் அம்பும் பறந்தன. போதாததற்கு, ஆற்று நீரைக் கால்வாய் வழியே சமவெளியில் திருப்பிவிட்டார் மாங்கோ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரை சேறானது. குதிரைகள் திணறின. அன்று இரவே பிசாரோ திரும்பி ஓடினார்!

ஆனால், சரித்திரம் அத்தனை சுலபமாக நல்லவர்கள் பக்கம் நிற்பதில்லை. ஸ்பானியர்களுக்கு மேலும் ஆள்பலம் வந்து சேர, அதே வருடம் மாங்கோ வில்கபம்பா காட்டுக்குப் பின்வாங்கினார். 1540-ல் ஊர் மக்களின் உழைப்பும் வரியும் யாருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன தெரியுமா? தோற்று ஓடிய அதே பிசாரோவுக்கு!

மன்னர் போனார், பிசாரோவும் போனார். தண்ணீர் மட்டும் போகவில்லை. இன்றும் இன்கா காலத்துச் சுவர்களுக்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. மச்சு பிச்சுவுக்கு ரயில் பிடிக்க வரும் பயணிகளில் பலர், ஸ்டேஷனுக்கு ஓடும் அவசரத்தில் இந்தத் தெருக்களைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் அரைநாளாவது தங்குங்கள்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். கல்லைச் செதுக்கியவர்களுக்கு எவ்வளவு பெருமை உண்டோ, அதே அளவு பெருமை அதில் குப்பை அடைக்காமல் காத்துவந்த அத்தனை தலைமுறைக்கும் உண்டு. நாம் கால்வாயை எப்படி நடத்துகிறோமோ, அதைப் பொறுத்துதான் நம் பேரப்பிள்ளைகள் அதன் அருகே நின்று போட்டோ எடுப்பார்களா, மூக்கைப் பிடிப்பார்களா என்பது!