துப்பாக்கிச்சூடு

துருக்கிய மூலத்திலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் ‘துப்பாக்கி’யோடு, கெடு ‘கேடு’ ஆவதுபோல, ‘சுடு’ என்னும் வினையடி முதல் நீண்டு பெயரான ‘சூடு’ சேர்ந்து, துப்பாக்கியால் சுடுதல் என்று பொருள்தரும் மூன்றாம் வேற்றுமைத் தொகை இது. அடுப்பின் வெப்பத்தையும் மாட்டுக்கு இடும் குறியையும் உணர்த்தும் ‘சூடு’ இங்கே தோட்டா பாய்வதை உணர்த்தினாலும், ‘துப்பாக்கிச்சூடு நடந்தது’ என்னும் செய்தி வழக்கில் சுட்டவர் மறைந்துபோகிறார். ஆனால் சுட்டவர் யார் என்பது முக்கியம்: 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்ததை ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் கண்டித்தனர். தப்பி ஓடியவர்களும் சுடப்பட்டதாக, இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கூறியது. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் காவலர்கள் உயிர்போகும்படி சுடலாம் என்னும் ஐ.நா.வின் 1990-ஆம் ஆண்டு அடிப்படை நெறிகள், சுட்டவர் அதற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்றும் வற்புறுத்துகின்றன.