தேறல்: தெளிந்ததன் பெயர்

தேர்வில் தேறினான், உடம்பு தேறிவிட்டது என்கிறோம். அதே ‘தேறு’ என்ற வினையில் பிறந்ததுதான் தேறல். கலங்கியது தெளிவதே தேறுவது. கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் உரசும் கொட்டை தேற்றாங்கொட்டை ஆனதும் இப்படித்தான்.

சங்க நூல்களில் மதுவுக்குப் பெயர்கள் பல: கள், நறவு, மட்டு, நெல்லில் ஆக்கிய தோப்பி. இவற்றோடு தேறலையும் இன்னொரு வகையாகச் சேர்த்து எண்ணுவது வழக்கம். அது சரியில்லை என்பேன். புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர் சொல்வது, நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டிலிருந்து கிடைத்த தேறல். புல்வேய்ந்த குடிசைதோறும் அது கிடைத்ததாம். திருமுருகாற்றுப்படையில் கானவர் குடிப்பதோ நெடிய மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளின் தேறல். மட்டுக்கும் தேறல் உண்டு, தேன்கள்ளுக்கும் உண்டு என்றால், தேறல் என்பது பொருளின் பெயரல்ல, அது அடைந்த நிலையின் பெயர்.

அந்த நிலை எளிதில் வருவதில்லை. மரத்திலிருந்து இறக்கிய கள் வெண்மையாகக் கலங்கியிருக்கக் காரணம் அதில் மிதக்கும் ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டே அது நுரைக்கும். காற்றுப்பட வைத்திருந்தால் பாக்டீரியா புகுந்து புளித்துக் காடியாகிவிடும். அதனால்தான் கள்ளை அன்றன்றே குடித்துவிடுகிறார்கள். தெளிய வேண்டுமானால் சர்க்கரை தீர்ந்து, ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படியும்வரை காற்றுப்படாமல் காக்க வேண்டும். மூங்கில் குழாயும் மண்ணுக்குள் புதைத்த சாடியும் அதற்கு உதவின. நம் முன்னோரின் இந்தக் கைத்திறனுக்கு ஒரு சொல்லே சாட்சியாக நிற்பது எனக்குப் பெரிய வியப்பு.

கடல் கடந்து வந்த மதுவுக்கும் இதே பெயர்தான். யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் (56) பாடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன.

பிராந்தி, விஸ்கி, சாராயம் ஆகியவை வேறு இனம். புளித்ததைக் காய்ச்சி, ஏறத்தாழ 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் ஆல்கஹாலின் ஆவியைக் குளிர்வித்து எடுப்பவை அவை. படியவைத்துத் தெளிந்தவை அல்ல. அவற்றுக்குத் தேறல் என்ற பெயர் பொருந்தாது. வைனோ படியவைத்துத் தெளிந்தது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறவர்கள் புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். நக்கீரர் ஆண்ட சொல்லையே எடுத்து ஆளுங்கள்.