சி.டி. பிளேயர்: தேய்ந்த இயந்திரப் பகுதிகளைச் சீரமைத்தல்

சி.டி. பிளேயரில் குறுந்தட்டை உள்ளே கொண்டுசெல்லும் டிரே, அதைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார், லேசர் முனையை நகர்த்தும் ஸ்லெட் ஆகியவை முதன்மையான இயங்கு பகுதிகள். பழைய பிளேயர் பாடாமல் நின்றால் லேசர் போய்விட்டது என்றே பலரும் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் தளர்ந்த பெல்ட்டும் இறுகிய கிரீஸும்கூட அதே அறிகுறிகளைக் காட்டும். பல பழைய மாதிரிகளுக்கு அசல் லேசர் முனை இப்போது தயாரிக்கப்படுவதில்லை. எனவே இயந்திரப் பகுதியை முதலில் சோதிப்பதே முறை.

இயங்கும் விதம்

குறுந்தட்டின் விட்டம் 120 மி.மீ. அதன் தடம் உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர் மட்டுமே. லேசர் முனை வெளியே நகர நகர, சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 500-இலிருந்து 200 ஆகக் குறைகிறது. லென்ஸ் தடத்தைச் சிறிது தொலைவு தானே பின்தொடரும். அதற்குமேல் ஸ்லெட் நகர்ந்து கொடுக்க வேண்டும். ஸ்லெட் சிக்கினால் பாட்டு தாவும், அல்லது ஒரே இடத்தில் நின்றுவிடும். பிலிப்ஸின் தொடக்ககால மாதிரிகளில் ஸ்லெட்டுக்குப் பதில் ஊசலாடும் கை உள்ளதால் இந்தக் கோளாறு அவற்றுக்குப் பொருந்தாது.

டிரே பெல்ட்

டிரே தயங்கித் திறப்பதும், முழுதாக மூடாமல் நிற்பதும் ரப்பர் பெல்ட் தளர்ந்ததன் அடையாளம். டிரே சரியாக மூடாவிட்டால் குறுந்தட்டு அழுத்திப் பிடிக்கப்படாது. ‘தட்டு இல்லை’ என்று திரை காட்டும். புதிய பெல்ட் பழையதன் தடிமனிலும், நீண்டுபோன அதன் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். மாட்டுமுன் கப்பிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மிக இறுக்கமான பெல்ட் மோட்டாரின் தாங்கியைத் தேய்த்துவிடும்.

பற்சக்கரமும் ஸ்லெட்டும்

கிரீஸில் உள்ள எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வற்றி, பசை போன்ற எச்சம் மிஞ்சுகிறது. அதன்மேல் புதிய கிரீஸ் பூசிப் பயனில்லை. பழையதை முற்றிலும் நீக்கிவிட்டு, பிளாஸ்டிக்கைத் தாக்காத கிரீஸை மெல்லியதாகத் தடவ வேண்டும். ஸ்லெட் தண்டுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். உலோக அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பற்சக்கரம் நாளடைவில் விரிசல் விடும்; பற்களின் இடைவெளி மாறுவதால் சுழலும்போது ஒரே இடத்தில் தட்டும். அதை மாற்றுவதே நிலையான தீர்வு.

ஸ்பிண்டில் மோட்டார்

மோட்டாரின் தாங்கியோ பிரஷ்ஷோ தேய்ந்தால் சுழற்சி சீர்கெட்டு வாசிப்பு தடுமாறும். புதிய மோட்டாரின் அச்சில் தட்டுத்தாங்கியை முன்பிருந்த அதே உயரத்தில் பொருத்த வேண்டும். உயரம் மாறினால் லேசரின் குவியம் தவறும். ஆகவே பழையதைக் கழற்றுமுன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்வது கட்டாயம்.

பாதுகாப்பு

780 நானோமீட்டர் லேசர் ஏறக்குறைய கண்ணுக்குப் புலப்படாதது, ஆயினும் விழித்திரையைப் பாதிக்கக்கூடியது. திறந்த பிளேயரின் லென்ஸை நேராகப் பார்க்கக் கூடாது. வேலையைத் தொடங்குமுன் மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும். லேசர் முனையிலுள்ள சிறு திருகை அளவுகருவி இல்லாமல் திருப்பினால், நல்ல நிலையில் இருந்த லேசர் டையோடும் விரைவில் அழியக்கூடும்.